ரிப்ளை 1988-ஆ, மை லிபரேஷன் நோட்ஸா: இரண்டாம் முறை எதைப் பார்ப்பது?

போன மாதம் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாள் வீட்டிலேயே கிடந்தேன். புதிதாக ஒரு கொரியத் தொடரைத் தொடங்கப் பொறுமை இல்லை. ஏற்கெனவே பார்த்ததில் ஒன்றை மறுபடி பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று, 2015 நவம்பரில் டிவிஎன் சேனலில் தொடங்கிய ‘ரிப்ளை 1988’. இன்னொன்று, 2022-இல் ஜேடிபிசி-யில் வந்த ‘மை லிபரேஷன் நோட்ஸ்’. இரண்டாவதைத்தான் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நடிப்பு, இசையெல்லாம் இரண்டிலும் நன்றாகவே இருக்கும். அதைப் பேசிப் பயனில்லை. பணக்கார வாரிசு ஏழைப் பெண்ணைக் காதலிப்பது, அவனுடைய அம்மா கவரில் பணத்தை வைத்துக்கொண்டு மிரட்டுவது இரண்டிலும் கிடையாது. நீளத்தில் வித்தியாசம் உண்டு. 1988-இல் 20 பகுதிகள், பலவும் ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். லிபரேஷன் 16-இல் முடிந்துவிடும்.

1988-ஐக் குறைத்துச் சொல்ல மனசு வராது. சியோலில் சாங்முன்-டோங் என்ற பகுதியில் ஒரே சந்தில் ஐந்து குடும்பங்கள். வங்கியில் வேலை பார்க்கும் அப்பா நண்பனுக்கு ஜாமீன் போட்டுக் கடனாளியானதால், கதாநாயகி டொக்-சொன்னின் குடும்பம் பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. மேலே வீட்டுக்காரர்கள். அவர்களும் பரம்பரைப் பணக்காரர்கள் இல்லை, மூத்த பையன் வாங்கிய ஒலிம்பிக் லாட்டரியில் பரிசு விழுந்து மேலே வந்தவர்கள். டொக்-சொன் நடுப்பிள்ளை. முதல் பகுதியில் அக்கா போராவின் பிறந்தநாள் கேக்கிலேயே மெழுகுவத்தியைக் குறைத்து இவளுக்கும் சேர்த்துக் கொண்டாடிவிடுவார்கள். அன்றைக்கு அவள் வெடித்து அழுவதைப் பார்த்து அழாத நடுப்பிள்ளை இருக்க முடியாது. எனக்கு அக்காவும் உண்டு, தம்பியும் உண்டு. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

வர்க்கத்தை அந்தத் தொடர் எப்படிக் கையாள்கிறது என்பதற்கு ஒரு காட்சி போதும். மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணமில்லாமல் டொக்-சொன்னின் அம்மா மேல்வீட்டுக்குப் போகிறாள், கேட்க வாய் வராமல் திரும்புகிறாள். மேல்வீட்டு அம்மா எதுவும் கேட்காமல் ஒரு கூடைச் சோளக்கதிரைக் கொடுத்தனுப்புகிறாள். அடியில் கவர். அழகான காட்சி. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு சோளக்கூடை வந்துவிடுகிறது.

லிபரேஷனில் அப்படி யாரும் கூடை அனுப்ப மாட்டார்கள். சான்போ என்ற கற்பனை ஊர், சியோலைச் சுற்றியுள்ள கியோங்கி மாகாணத்தில். அப்பா சமையலறை சிங்க் (பாத்திரம் கழுவும் தொட்டி) செய்யும் பட்டறை வைத்திருக்கிறார், தோட்டமும் உண்டு. பட்டினி இல்லை. ஆனால் பிள்ளைகள் கி-ஜோங், சாங்-ஹீ, மி-ஜோங் மூன்று பேரும் தினமும் சியோலுக்கு வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இரவு நேரமாகிவிட்டால் மூன்று பேரும் ஓரிடத்தில் சேர்ந்து ஒரே டாக்சியைப் பிடித்துக் கட்டணத்தைப் பங்கு போடுகிறார்கள். சியோல் மஞ்சள் கரு என்றால் கியோங்கி அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைக்கரு என்று ஒரு பேச்சு வரும். ஏழை, பணக்காரன் என்ற வார்த்தையே இல்லாமல் வர்க்கத்தைத் தூரமாகவும் தூக்கக்கலக்கமாகவும் காட்டிவிடுகிறார் எழுத்தாளர் பார்க் ஹே-யோங்.

மி-ஜோங் ஒப்பந்த ஊழியர். அவள் செய்த டிசைன் முழுக்க மேலதிகாரி சிவப்புப் பேனாவால் கிறுக்கிக் கொடுக்கிறார். அலுவலகத்திலோ எல்லோரும் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று நச்சரிப்பு. எதிலும் சேராத மூன்று பேர் சேர்ந்து ‘விடுதலை கிளப்’ தொடங்குகிறார்கள். அறிவுரை சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது என்பது அதன் விதி. தன்னைக் கண்டறிவது என்றால் ஊரைவிட்டு ஓடுவதோ வேலையை விட்டெறிவதோ இல்லை, எது தன்னை அழுத்துகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பது. டொக்-சொன்னுக்கும் அப்படி ஒரு தருணம் உண்டு: யார் உன்னை விரும்புகிறார்கள் என்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று நண்பன் டோங்-ர்யோங் கேட்பான். நல்ல கேள்வி. ஆனால் அது கடைசியில் காதலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை பார்க்கும்போது என்ன மிஞ்சுகிறது? 1988-இன் பாதி சுவாரசியம், டொக்-சொன்னின் கணவர் யார் என்ற புதிரில் இருக்கிறது. விடை தெரிந்தபின் அதற்காகவே போட்ட காட்சிகளை நான் தள்ளிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். குடும்பக் காட்சிகள் அப்படியே நிற்கின்றன, ஆனால் அவற்றுக்கு எங்கே அழுவேன் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

லிபரேஷனில் நேர்மாறு. முதல் முறை பார்த்தபோது என் கண் முழுக்க கூ மீதுதான் இருந்தது. பட்டறையில் உதவி செய்துவிட்டுப் பேசாமல் குடித்துக்கொண்டே இருக்கும் அந்த மர்ம மனிதன். மர்மம் தீர்ந்ததும் தொடரும் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இந்த முறை கண் அம்மா மேல் போய்விட்டது. கடைசிப் பகுதிகளில் நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அது தெரிந்தபின் முதல் பகுதியிலிருந்து பாருங்கள்: தோட்டம், பட்டறை, அடுப்பு என்று அந்த அம்மா ஓடிக்கொண்டே இருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசுவதில்லை, கரண்டிச் சத்தம்தான். பிள்ளைகள் மூன்று பேரும் தங்கள் விடுதலையைப் பற்றி யோசிக்கிறார்கள். அவளுடைய விடுதலையை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. முதல் முறை இதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அப்புறம் நான்கு நாள் அம்மாவுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன், காரணம் சொல்லவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கொரிய மொழி தெரியாது, எல்லாம் சப்டைட்டில்தான். கூவிடம் மி-ஜோங் “என்னை வழிபடு” என்கிற மாதிரி கேட்கும் இடம் கொரியரின் காதில் எப்படி விழும் என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். ‘சூஆங்’ என்ற அந்தச் சொல் புழக்கத்தில் இல்லாத ஏட்டுச் சொல்லாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் எனக்கும் 1988-தான் சரி. லிபரேஷனைத் தனியாகப் பார்ப்பதே நல்லது. முதல் இரண்டு பகுதிகளில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பாதியில் விட்டுவிடத் தோன்றும். காற்றில் பறந்த மி-ஜோங்கின் தொப்பியை எடுக்க கூ ஓடிவந்து அகலமான கால்வாயை ஒரே தாவலில் தாண்டும் காட்சி நான்காவது பகுதியில் வருகிறது. அதுவரை பொறுங்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் 1988-ஐப் போட்டுவிடுங்கள்.