பால் பைத்தான் பட்டினி கிடந்தால்: காத்திருப்பதா, ஆசை காட்டுவதா, ஊட்டுவதா?

எங்கள் ஆச்சிக்குப் பெயரிலேயே குழப்பம். "பால் பைத்தான்னு பேர வச்சுக்கிட்டு, பால ஊத்தாம எலியப் போட்டா அது எப்படில திங்கும்?" என்று கேட்டாள். அது ஒரு வகை மலைப்பாம்பு, பந்து (ball) மாதிரிச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் வந்த பேர் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்போது கந்த சஷ்டி நேரம் வேறு. "நான் ஆறு நாளு விரதம் இருந்தா வீட்டுல எல்லாரும் ஏசுதிய. இது ஆறு வாரமா இருக்கு, ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

ஆறு வாரம் என்பது சரிதான். பாளையங்கோட்டையில் எங்களிடம் இருப்பது 3 வயது ஆண் பாம்பு, அப்போது எடை 1,280 கிராம். புரட்டாசியில் ஒரு ராத்திரி எலியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு தை வரை ஒன்றும் தின்னவில்லை. அந்த நாட்களில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பாதியைச் செய்தும் பார்த்தேன், ஆனால் தலைகீழ் வரிசையில். எந்த வழிக்கு என்ன விலை என்று இப்போது சொல்ல முடிகிறது.

பாலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பாம்பு இரையை முழுதாக விழுங்கும் ஊனுண்ணி, பால் அதற்கு உணவே இல்லை. தாகத்தில் காயப்போட்ட பாம்பு முன்னால் எதை வைத்தாலும் குடிக்கும். பாம்பாட்டிகள் காட்டிய வித்தை அதுதான்.

அப்புறம் ஒரு விஷயம். இங்கே பேசுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம், அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்து வளர்ப்பது. நல்ல பாம்பு, சாரை, நம்மூர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விடாது. பிடித்து வைத்த சாரை தின்ன மாட்டேன் என்கிறதென்றால் அதற்கு ஒரே வைத்தியம் வனத்துறைக்குப் போன் போடுவதுதான்.

உயிர் எலியா, ஐஸ் எலியா

நண்பன் ஒருவன் முதலில் சொன்னது உயிர் எலி. "அசைஞ்சாத்தாம்ல பிடிக்கும்" என்றான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. உயிர் எலிக்கே பழகி வளர்ந்த பாம்பு சில சமயம் அசையாததைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் பசியில்லாத பாம்பின் பெட்டிக்குள் எலியை விட்டால், வேட்டையாடுவது பாம்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். நான் எலியை உள்ளே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அரை மணி நேரம் கழித்து வந்தபோது பாம்பின் கழுத்துக்குக் கீழே இரண்டு இடத்தில் செதில் பிய்ந்து சதை தெரிந்தது. எலி ஓரத்தில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. எலிக்கும் அது நியாயமான சாவு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் எலி, அதாவது கொன்று உறைய வைத்த எலி, கடிக்காது. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருக்கும். (அம்மா இதற்கென்று ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.) இதைப் பாம்பு மறுக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டை. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாக வெப்பக்குழிகள் உண்டு. சுற்றியிருப்பதைவிடச் சூடான உடம்பை அவற்றால்தான் இருட்டில் கண்டுபிடிக்கிறது. நம்மூர் அறையே 32 டிகிரி. அதே சூட்டில் கிடக்கும் எலி அதற்குச் சுவரோடு சுவராகத்தான் தெரியும். அதனால் எலியை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி ஐஸ் விட வைத்து, கொடுக்கும் முன் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, உயிருள்ள எலியின் சூடான 38 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வெடிக்கும். பிறகு விளக்கை அணைத்து, நீள இடுக்கியில் பிடித்து லேசாக அசைக்க வேண்டும்.

ஆசை காட்ட இன்னும் தந்திரங்கள் உண்டு. கோழிக்குஞ்சின் இறகை எலிமேல் தேய்த்துக் கொடுப்பது ஒன்று. காட்டில் இவை பறவைகளையும் தின்பவை, அதனால் சில நேரம் பலிக்கிறது. குஞ்சையே கொடுக்கலாம்தான், ஆனால் அதற்கு ருசி கண்ட பாம்பு பிறகு எலியை மதிக்காது. எந்தத் தந்திரமானாலும் 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை போதும். தினம் மூக்கு முன்னால் எலியை ஆட்டினால் அதுவே தொந்தரவாகிவிடும். ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கச் சொல்வது குளிர் நாட்டு யோசனை. இங்கே விடிவதற்குள் வீடே நாறும்.

பெட்டி

உண்மையில் நான் தொடங்கியிருக்க வேண்டிய இடம் இது. புரட்டாசி வெயில் தாங்கவில்லை, பாவம் அதுக்கும் தாங்காதே என்று பெட்டியைத் தூக்கி ஏசி அறையில் வைத்தேன். ஏசி 24 டிகிரி. பாம்பு சொந்தமாகச் சூடு உண்டாக்காத உயிர். குளிரில் அதன் செரிமானம் படுத்துவிடும், அந்த நிலையில் தின்றாலும் கக்கிவிடும். ஆக அது தின்னாமல் இருந்ததுதான் புத்திசாலித்தனம். இரக்கப்பட்ட நான்தான் முட்டாள்.

பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26, 27 டிகிரியும் இருந்தால் பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். ஈரப்பதம் 60 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் சூடேற்று, சூடேற்று என்றே இருக்கும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் அதைக் கேட்டு விளக்கைப் போட்டால் பாம்பு வெந்துபோகும். அந்த மாதங்களில் குளிர்ந்த பக்கத்தை உண்டாக்குவதுதான் பாடு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே வெறும் காற்று, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், சட்டை சரியாக உரியாது. மார்கழி ராத்திரியில்தான் சூட்டுப் பாய் தேவைப்படும், அதுவும் சூடு மிஞ்சாமல் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் மாட்டி.

ஒளியும் இடம் அடுத்தது. வெட்டவெளியில் கிடக்கும் பாம்புக்குப் பசியைவிடப் பயம்தான் பெரிது. காருக்குறிச்சி மண்சட்டி இரண்டு வாங்கி, விளிம்பில் ஒரு வாசல் உடைத்து, இரண்டு பக்கமும் கவிழ்த்தேன். உடம்பு சட்டியை உரசும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், விசாலம் அதற்குப் பிடிக்காது. அடியில் தேங்காய் நார்த்தூள். எல்லாம் சேர்த்து ஆன செலவு இரண்டு எலிக்கு ஆகும் காசுதான். இதைத் தவறவிட்டுவிட்டு மற்ற எதைச் செய்தாலும் வீண் என்பது என் எண்ணம்.

சும்மா இருப்பது

பெட்டியைச் சரிசெய்த பிறகும் உடனே தின்னாது. சட்டை உரிக்கும் முன் கண் பாலாடை படிந்ததுபோல் மங்கியிருந்தால் பொதுவாக எதையும் தொடாது. வளர்ந்த ஆண் பாம்புகள் இணைசேரும் காலத்தில் சில மாதங்கள் பட்டினி கிடப்பது இந்த இனத்தில் சகஜம். அப்போது செய்ய வேண்டியது தண்ணீரை மாற்றுவது, கையில் எடுத்துக் கொஞ்சுவதை நிறுத்துவது, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைப்பது.

தராசு இல்லாமல் காத்திருப்பது காத்திருப்பே இல்லை, கண்ணை மூடிக்கொள்வது. ஆரம்ப எடையில் 10 சதவீதம் குறைந்தால் காத்திருந்தது போதும் என்று வைத்துக்கொள்வது வளர்ப்பவர்கள் வழக்கம். என் பாம்புக்கு அந்தக் கோடு 1,152 கிராம். அதுவும் நல்ல சதைப்பற்றுள்ள பெரிய பாம்புக்குத்தான். குட்டிக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது.

எடை எப்படி இருந்தாலும் சில அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது: மூச்சில் விசில் சத்தம், வாயில் நுரை அல்லது தயிர்க்கட்டி மாதிரி சீழ், கக்குவது, செதிலிடுக்கில் கருப்பாக ஊரும் உண்ணி. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாம்பு பார்க்கிற மருத்துவர் எப்போது இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு துணிப்பையில் கட்டி எடுத்துப் போவது நல்லது.

வாயைத் திறந்து ஊட்டுவது

இதைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். பிறந்ததிலிருந்து எதையும் தின்னாத குட்டிக்கு, பழகிய கை, சின்ன எலிக்குஞ்சின் தலையை வாயில் வைத்து மீதியை அதுவாக விழுங்க விடுவதுண்டு. அது வேறு. வளர்ந்த பாம்பைப் பிடித்து அழுத்தித் தொண்டைக்குள் தள்ளுவது வேறு. பல் உடையும், உணவுக்குழாய் கிழியும், தள்ளியது மறுநாள் வெளியே வரும். குழாய் வழியாகத் திரவ உணவு கொடுப்பது மருத்துவர் வேலை. வீடியோ பார்த்துவிட்டு ஒருநாள் நானும் இடுக்கியோடு உட்கார்ந்தேன். வாயைத் தொட்டதும் அது சுருண்ட வேகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். இனி எலியைப் பார்த்தாலே என் கைதான் ஞாபகம் வரும் போலிருந்தது.

கார்த்திகையில் பெட்டியை ஏசி அறையிலிருந்து எடுத்தேன். எடை 1,215-க்கு வந்தது, பிறகு 1,190. தை இரண்டாம் வாரம், ராத்திரி பத்தரை மணிக்கு, சட்டி வாசலில் தலை தெரிந்தது. சூடாக்கிய சுண்டெலி ஒன்றைக் காட்டினேன். கண் இமைக்கும் நேரத்தில் கவ்விச் சுற்றிக்கொண்டது.

மறுநாள் காலை ஆச்சி கேட்டாள்: "பாரணை முடிஞ்சிதால?"

முடிந்தது என்றேன். இவ்வளவு நாள் பட்டினிக்கு இந்தச் சுண்டெலி எந்த மூலைக்கு என்று அப்பா கேட்டார். பட்டினியில் பாம்பின் குடல் சுருங்கிப் போயிருக்கும், வழக்கமான இரையைக் கொடுத்தால் கக்கிவிடும், பத்து நாள் கழித்துக் கொஞ்சம் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்று நான் நீட்டி முழக்கினேன். ஆச்சி குறுக்கே புகுந்து, "பாரணையில எவனாவது விருந்து திம்பானா? கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.