ரங்கூனில் ஒரு சிம் மாற்றிய கதை

அம்மாவுக்கென்று சிங்கப்பூரில் வாங்கிக்கொண்டு போன போனில் 4ஜி வரவே இல்லை. ரங்கூனில் இருந்த பத்து நாளில் மூன்று நாள் இந்த ஒரு வேலைக்கே போய்விட்டது. ஊரில் அம்மா அப்பாவுக்குப் பழைய சிம்மோடு புதுப் போன் வாங்கித் தரப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீடு பழைய மொகல் தெருவில். இப்போது ஷ்வேபொந்தா தெரு என்றால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். போய் இறங்கிய அன்றைக்கே அம்மாவின் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டேன். மேலே 3ஜிக்கான ‘எச்’ வந்தது, கொஞ்ச நேரத்தில் அது 2ஜிக்கான ‘இ’ ஆனது. வாட்சப்பில் ஒரு போட்டோ இறங்குவதற்குள் அம்மா சோறே வடித்துவிட்டார். டவர்தான் சரியில்லை என்று நினைத்தேன். ஆனால் அதே கம்பெனி சிம் போட்ட தங்கையின் போனில், அதே கட்டிலில், 4ஜி இரண்டு கோடு காட்டியது.

மறுநாள் தெருமுனைக் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த பையன் போனை வாங்கி எதையெதையோ அழுத்தினான், ரீசெட் பண்ணினான், 5,000 கியாட் வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழையபடி ‘இ’. செட்டிங்கில் ‘4ஜி மட்டும்’ என்று வைத்துப் பார்த்தேன். இருந்ததும் போய், சிக்னலே இல்லை என்றது. அப்புறம்தான் தங்கையின் சிம்மை அம்மா போனில் போட்டுப் பார்க்கத் தோன்றியது. போட்டதும் 4ஜி வந்துவிட்டது! போனிலும் கோளாறு இல்லை, டவரிலும் இல்லை. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் 5,000 கியாட்டும் ஒரு நாளும் மிஞ்சியிருக்கும்.

அந்த சிம் அப்பாவுடையது. அவர் போய் இரண்டு வருஷமாகிறது, நம்பர் அம்மாவிடம். பர்மாவில் சிம் என்ன விலை விற்றது என்று இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 2000களில் ஒரு சிம் பதினைந்து லட்சம் கியாட்டுக்குக்கூட விற்றது. 2013 ஏப்ரலில் அரசாங்கம் 1,500 கியாட்டுக்கு மூன்றரை லட்சம் சிம் கொடுத்தபோது குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து அதே 1,500-க்குக் கூவி விற்ற பிறகுதான் எல்லார் கையிலும் போன் வந்தது. அப்பா அதற்கு முன்பே, 2011-ல், ஐந்து லட்சம் கொடுத்து வாங்கினார். அம்மாவின் இரண்டு வளையல் அதில் போயிற்று. அந்தக் காலத்து நம்பர் என்பதால் குட்டையானது, 09-க்குப் பிறகு ஏழே இலக்கம். இப்போது வருவதெல்லாம் ஒன்பது இலக்கம். குட்டை நம்பர் வைத்திருப்பவர் பழைய ஆள் என்று ஊரில் ஒரு மரியாதையும் உண்டு.

காளி கோயிலுக்குப் பக்கத்தில் போன் சாமான் விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், நம்மாள். சிம்மை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே சிரித்தார். “தம்பி, இதக் கத்தரிக்கோல்ல வெட்டியிருக்கே!” ஆமாம், பெரிய சிம்மாக வந்ததை இப்போதைய போன்களில் போடும் சின்ன ‘நானோ’ அளவுக்கு அப்பா யாரிடமோ வெட்டிக்கொண்டிருக்கிறார். ஓரம் கோணலாக, தங்கத் தகட்டை உரசினாற்போல் இருந்தது. பழைய கார்டு 0.76 மில்லிமீட்டர் தடிமன், நானோ 0.67. அதனால் பின்பக்கத்தைத் தேய்த்தும் இருக்கிறார்கள். பின்னால் அச்சடித்த எண்ணில் 8995 என்ற ஆரம்பம் மட்டும் மிச்சம். 89 தொலைத்தொடர்புக்கான எண், 95 நம் நாட்டு எண். மீதி தேய்ந்தும் வெட்டுப்பட்டும் போயிருந்தது.

வெட்டியதால்தான் 4ஜி வரவில்லை என்று நினைத்தேன். இல்லையாம். வெட்டினால் ஓரத்துப் பிளாஸ்டிக்தான் போகும், நடுவில் இருக்கும் சில்லு அதேதான். சில்லுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு ரகசிய எண் உண்டு, அதே எண் கம்பெனியிடமும் உண்டு. 2ஜி காலத்துக் கார்டில் டவர் கேள்வி கேட்கும், கார்டு அந்த ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். அவ்வளவுதான். கேட்பது உண்மையான டவர்தானா என்று கார்டு திருப்பிக் கேட்க வழியில்லை. போலி டவர் வைத்து ஏமாற்ற முடிந்தது அதனால்தான். 3ஜியோடு யூசிம் என்ற புது ஏற்பாடு வந்தது. அதில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும். 3ஜி பழைய கார்டையும் போனால் போகிறது என்று உள்ளே விட்டது. 4ஜி விடாது, யூசிம் இருந்தே ஆகவேண்டும். வாசலில் ‘இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை’ என்று பலகையா வைக்கும்? சத்தமில்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கிவிடும், நாம் போனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பழைய சிம் என்றாலே மாற்றவேண்டும் என்றும் இல்லை. 3ஜி காலத்தில் கொடுத்த கார்டில் யூசிம் இருந்தால் அது 4ஜியிலும் ஓடும், 5ஜியில்கூட ஏறும். கடைக்காரர் ‘3ஜி சிம்மா? தூக்கிப் போடுங்க’ என்றால் உடனே கேட்க வேண்டாம். போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதுசாக ஒரு சிம் வாங்கிவிடலாமே என்று தங்கை சொன்னாள். 2022-ல் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி போட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை. அம்மா பணம் வாங்குவது, அனுப்புவது எல்லாம் அந்த நம்பரில்தான். மோல்மீனிலிருந்து சென்னை வரை சொந்தக்காரர்கள் எல்லாரும் கூப்பிடுவதும் அதில்தான். நம்பரை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றவேண்டும், அதற்கு கம்பெனியின் சேவை மையத்துக்கே போகவேண்டும்.

இடையில் என் சொந்த சிம்மின் கதை. ஊரை விட்டுப் போகும்போது டிராயரில் வைத்துவிட்டுப் போன கார்டு. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் நம்பரை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது தெரியும், ஆனாலும் ஒரு ஆசையில் தங்கை போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பர்மியப் பெண் எடுத்தார், பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. ‘தப்பாக அடித்துவிட்டேன்’ என்று வைத்துவிட்டேன்.

சேவை மையத்தில் வரிசை பெரிதில்லை, காகிதம்தான் பெரிது. சிம் யார் பேரில் பதிவோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும். அவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், வீட்டில் இருப்பவர்கள் பேரெல்லாம் எழுதிய அரசாங்க வீட்டுப் பட்டியல், வாரிசின் அட்டை. எல்லாம் கொண்டுபோயிருந்தோம். ஆனால் சிம் பதிவில் இருந்தது ‘ஊ’ (நம் ‘திரு’ மாதிரி) போட்ட பர்மியப் பேர், இறப்புச் சான்றிதழில் இருந்தது தமிழ்ப் பேர். ரங்கூன் தமிழர் வீடுகளில் இது சர்வசாதாரணம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், கோயில் அர்ச்சனைக்கு ஒரு பேர். கவுண்டர் பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இவர் வேறு, அவர் வேறு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவம், அவருக்கும் அப்படித்தானே தெரியும். அன்றைக்குத் திரும்பி வந்தோம். குற்றம் எங்கள் மேல்தான்.

மறுநாள் வீட்டுப் பட்டியலின் பழைய பிரதி ஒன்று அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. அதில் இரண்டு பேரும் ஒரே வரியில் எழுதியிருந்தது. அதைக் காட்டியதும் அந்தப் பெண்ணே சந்தோஷப்பட்டார். நம்பரை அம்மா பேருக்கு மாற்றிப் புதுக் கார்டு கொடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா இருக்கும்போதே மாற்றியிருந்தால் அவர் அட்டை ஒன்றே போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். பழைய கார்டைக் கொடுப்பதற்கு முன் அதில் இருக்கும் நம்பர்களைப் போனுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். புதுக் கார்டு காலியாகத்தான் வரும். சிம்முக்குப் பூட்டாகப் போடும் ‘பின்’ (PIN) எண்ணை மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் எட்டு இலக்க ‘பக்’ (PUK) எண்ணையும் பத்து தடவை தப்பாகப் போட்டால் கார்டு செத்தே போகும், அதற்கப்புறம் அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. அப்பாவின் கார்டில் நல்லவேளை பூட்டு இல்லை. பேர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில், நீளமான பேரெல்லாம் வால் அறுந்து கிடந்தன. ‘தண்ணி லாரி’, ‘கரண்ட் ஆள்’, ‘காளி கோயில் ஐய’. நான் ‘சிங்கப்பூர் 3’ என்று இருந்தேன். 1-ம் 2-ம் அங்கே போய் நான் தூக்கிப்போட்ட நம்பர்கள். அவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து போட்டதும் 4ஜி வந்தது. அம்மா சென்னையில் இருக்கும் சித்தியோடு வீடியோவில் முக்கால் மணி நேரம் பேசினார். சாயங்காலம் கரண்ட் போனது, ரங்கூனில் அது தினசரிக் கதை. போன் இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தெருமுனை டவரின் பேட்டரியும் தீர்ந்திருக்கவேண்டும், 4ஜி ‘எச்’ ஆகி, ‘எச்’ ‘இ’ ஆகி, கடைசியில் ஒன்றுமே இல்லை. அம்மா போனை என் பக்கம் நீட்டினார்.

“இதுக்கு எந்தக் கார்ட மாத்தணும்?”