தடுப்புச் சுவரில் குழாய் தெரிந்தால் மட்டும் போதாது: மலைச்சரிவில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

கோத்தகிரி அருகே சரிவான ஆறு சென்ட் மனையில் வீடு கட்டத் தொடங்கி, மண் அரிப்பைத் தடுப்பதற்கென்றே தனியாகப் பணம் கொடுத்தும் ஏமாந்திருக்கிறேன். ஒப்பந்ததாரரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

எஸ்டிமேட்டில் மூன்று வேலைகள் இருந்தன: மேல் எல்லையில் மழைநீரைத் திருப்பிவிடும் வடிகால், வீட்டின் பின்புறம் 40 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட கருங்கல் தடுப்புச் சுவர், வெட்டிய சரிவில் தேங்காய் நார் வலை விரித்து வெட்டிவேர் நடுதல். மொத்தம் 3,60,000 ரூபாய். முக்கால் பங்கை முன்பணமாகவே கொடுத்துவிட்டேன்.

கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்ததை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் செப்டம்பர் கடைசியில் பொக்லைனைக் கொண்டுவந்து, கீழ் எல்லையில் மண்ணைப் பிடித்து நிறுத்தியிருந்த தேயிலைச் செடிகள் உட்பட மனை முழுவதையும் ஒரே நாளில் வழித்தெடுத்துவிட்டார். இந்த மாவட்டத்தில் அத்தகைய இயந்திரத்தைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வாங்கியாயிற்று என்றார், தாளைக் காட்டவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

சுவர் இரண்டு வாரத்தில் எழுந்தது. இரண்டு வரிசைகளில் ஐந்தடிக்கு ஒன்றாக நீர் வடியும் பிவிசி குழாய்கள் முகப்பில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிம்மதியடைந்தேன். அக்டோபர் இறுதியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது எங்கள் செம்மண் கீழே உள்ள தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் படிந்தது. அத்தோட்டத்துப் பெரியவர் கோபப்படாமல், “தம்பி, முதல்ல மேல போய் தண்ணி எந்த வழியா வருதுன்னு பாருங்க” என்றார். போய்ப் பார்த்தேன். வடிகால் வெட்டப்படவே இல்லை. சாலைத் தண்ணீர் முழுவதும் சுவரின் பின்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவு தண்ணீர் இறங்கியும் ஒரு குழாயிலிருந்துகூடச் சொட்டு வரவில்லை. கம்பி ஒன்றை உள்ளே விட்டேன். மூன்று விரல்கடை ஆழத்திலேயே கல்லில் முட்டியது. பதினாறு குழாய்களும் அப்படியே, பூச்சில் பதித்த வெறும் துண்டுகள். பின்னால் ஓரிடத்தில் தோண்டியபோது, கல் சக்கையும் ஜல்லியும் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டியெடுத்த அதே மண்ணை இடித்து இறுக்காமல் கொட்டியிருந்தது தெரிந்தது. சுவரின் நடுப்பகுதி அதற்குள் ஒரு சாண் அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது.

தடுப்புச் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமன்று, வடிய வழியில்லாத தண்ணீரும்தான். 8 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் அடிப்பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன் அழுத்தம், மண்ணின் தள்ளலோடு கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே சுவர் எழும்பும்போதே, அதன் பின்னால் நிரப்பும் கல்லும் ஜல்லியும் மூடப்படுவதற்கு முன்பே, நேரில் நின்று பாருங்கள். ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் கனத்தைவிட நீளமான கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்த பிறகே அந்த வேலைக்கான பணத்தைக் கொடுங்கள். மண் வெட்டும் வேலையை ஜனவரிக்குப் பிறகு, மழையில்லாத மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேல் வடிகால், அதன் பிறகே வெட்டு. கீழ் எல்லையில் உள்ள செடிகளை யாரும் தொட விடாதீர்கள். வெட்டிவேர் நல்ல தடுப்புதான், ஆனால் வேர் இறங்கச் சில மாதங்களாவது ஆகும். மழைக்கு முந்தின வாரம் நட்டுவிட்டு அதை நம்பியிருக்க முடியாது.

ஒப்பந்ததாரர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. வேறொரு பொறியாளரின் மேற்பார்வையில் சுவரின் நடுப்பகுதியைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வெட்டுமுகம் முழுவதையும் தார்ப்பாயால் மூடி, மேலே மண் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறோம். பெரியவரின் தோட்டத்தில் படிந்த மண்ணை ஆள் வைத்துக் கூடையில் அள்ளுகிறோம். இன்னும் இரண்டு வரிசைத் தேயிலைச் செடிகள் மண்ணுக்கடியில் இருக்கின்றன.