சேர்க்கை ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பத்து மாதங்கள்

என் மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இயந்திரப் பொறியியல் படிக்க விண்ணப்பித்த ஆண்டில், இணையவழியில் இயங்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் சேவையைப் பத்து மாதங்கள் பயன்படுத்தினோம். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தச் சேவையை நாட நினைப்போர் எதற்காக நாடலாம், எதை நம்ப வேண்டாம் என்று சொல்வதே என் நோக்கம்.

முதல் நாளில் கிடைத்தது 'வாய்ப்புக் கணிப்பான்'. மதிப்பெண்களை உள்ளிட்டால், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேராக ஒரு சதவீதம் தோன்றும். பார்க்க அழகாக இருந்தது; ஆனால் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பதிந்தவுடன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கான சதவீதமும் கூடவே ஏறியபோது எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. மாறாக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி 2022இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் கட்டாயமாகவும் இன்னோரிடத்தில் பயனற்றும் இருக்கையில், இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தைப் போடும் கணிப்பானை நம்பிப் பட்டியல் தயாரிப்பது வீண் வேலை.

ஆனால் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர் மதிப்பெண் பட்டியலைப் படித்த விதத்தை மனமாரப் பாராட்டுவேன். இயற்பியலில் நான்கு ஆண்டுகளில் மகள் பெற்றவை 58, 67, 79, 88. வேதியியலில் 91, 90, 84, 81. சராசரி எடுத்தால் வேதியியலே முந்தும், நாங்களும் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரோ இயற்பியல் வரிசையின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, "விண்ணப்பத்தைப் படிப்பவர் இந்த ஏற்றத்தைப் பார்ப்பார், வேதியியல் ஏன் இறங்குகிறது என்றும் கேட்பார்" என்றார். கடினமான பாடங்களை எடுத்துச் சற்றுக் குறைவான மதிப்பெண் வாங்கியவரையும், எளிய பாடங்களில் நிறைய வாங்கியவரையும் தேர்வுக்குழு ஒரே தராசில் வைப்பதில்லை என்பதையும் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டோம்.

உழைப்பு என்பதை விண்ணப்பத்தில் எங்கே காட்டுவது? பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில், 2026 சேர்க்கையிலிருந்து, மாணவரின் தன்விளக்கம் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகளுக்குத்தான் இடம். படிப்பு உன்னை இந்தத் துறைக்கு எப்படித் தயார்படுத்தியது என்ற இரண்டாம் கேள்விக்கு, "நான் கடின உழைப்பாளி" என்று மகள் தொடங்கியிருந்தாள். ஆலோசகர் அந்த வரியை அடித்துவிட்டு, "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நீ எதை, எத்தனை நாள் செய்தாய் என்று சொல்" என்றார். அப்போதுதான் தவறு நோட்டின் கதை வெளியே வந்தது: தான் தப்பாகப் போட்ட ஒவ்வோர் இயற்பியல் கணக்கையும் இடப்பக்கத்தில் தப்பாகவே எழுதி, வலப்பக்கத்தில் எங்கே சறுக்கியது என்று குறித்துவைத்த, ஓரம் கிழிந்த பழைய நோட்டு. அதை எழுதியபின் வேறெந்த அடைமொழியும் தேவைப்படவில்லை.

இதே நிறுவனத்தின் மொழிச்செம்மைக் குழுதான் இதையும் கெடுத்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பிவந்த கட்டுரையில் நோட்டு காணாமல் போய், 'விடாமுயற்சி', 'தளராத ஆர்வம்' என்ற பளபளப்பான சொற்கள் அமர்ந்திருந்தன. பழைய வரைவையே மீட்டு அனுப்பினோம். இயற்பியல் ஆசிரியருக்கும் அவர்கள் ஒரு மாதிரிப் பரிந்துரைக் கடிதத்தை அனுப்பிவைக்க, அவர் முகம் சுளித்தது நியாயமே. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தின் ஆசிரியர் மதிப்பீட்டுப் பகுதியில், ஒழுங்கான உழைப்புப் பழக்கத்துக்கென்றே ஒரு வரி இருந்துவருகிறது. வகுப்பில் நாள்தோறும் பார்த்தவர் அதை நிரப்பினால்தான் மதிப்பு. அவர் மாதிரிக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, தன் சொற்களிலேயே எழுதினார்.

என் பெரிய குறை கடைசிக் கட்டத்தைப் பற்றியது. இடம் கிடைத்ததும் வாழ்த்து மின்னஞ்சல் அனுப்பி அவர்கள் கோப்பை மூடிவிட்டார்கள். பிரிட்டனில் கிடைத்தது நிபந்தனையுடன் கூடிய இடம். இறுதித் தேர்வில் கேட்ட தரம் வராவிட்டால் அது கைநழுவலாம். அமெரிக்கக் கல்லூரிகளும் இறுதியாண்டு அறிக்கையைக் கேட்டுப் பெறுகின்றன, மதிப்பெண் வெகுவாகச் சரிந்தால் அனுமதியைத் திரும்பப் பெறவும் செய்கின்றன. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் புத்தகத்தை மூடிவைக்கும் பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கைதான் முதலில் போயிருக்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொன்னவர் பள்ளி ஆசிரியர்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அந்த இரண்டரையும் ஆலோசகருக்கே. மதிப்பெண் பட்டியலையும் முதல் வரைவையும் அவரைப்போன்ற ஒருவரிடம் காட்ட இரண்டு அமர்வுகள் தனியாகக் கிடைக்குமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத் தொகுப்பை வாங்காதீர்கள்.