ஜே.சி. ரோட்டில் பின் ஷாக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பைக்குக்குப் பின் ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்க நிற கேஸ் டப்பாவைக் கையால் அழுத்தித் திருகிப் பாருங்கள். எனக்கு விற்றதில் அது கழன்று கையோடு வந்தது. உள்ளே கேஸும் இல்லை, எண்ணெயும் இல்லை. டப்பாவிலிருந்து ஷாக்குக்குள் போக ஒரு துளைகூட இல்லை. வெறும் அலுமினியக் குப்பிக்கு மரை வெட்டி அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

என் வண்டி பழைய புல்லட். அல்சூரிலிருந்து ஓசூர் ரோடு பக்கம் வேலைக்குப் போய்வந்து பின் ஷாக் தளர்ந்துவிட்டது. கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து வைத்து, "நைட்ரஜன் கேஸ் நிரப்பியது, தாய்லாந்து சரக்கு" என்றார். நான் தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். "நம் ஊர்க்காரருக்குத் தப்பான பொருளைக் கொடுப்பேனா, சார்? கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள்." இந்த ஊர்ப்பாசத்துக்கு விலை 7,800 ரூபாய்.

இரட்டை ஷாக் உள்ள வண்டியில் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். அப்போதுதான் ஸ்விங் ஆர்ம், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கை, தொங்காமல் நிற்கும். இந்த முறையில் இன்னொரு லாபமும் உண்டு: அளவு தவறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மேலே மாட்டியதும் கீழ்க் கண் (ஷாக்கின் முனையில் இருக்கும் வளையம்) போல்ட் துளையைத் தாண்டி இறங்கி நின்றது. பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை அளந்தேன். புதியது 20 மி.மீ. கூடுதல் நீளம். பெட்டியின் மேல் என் வண்டியின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது!

போன் செய்தால், "கேஸ் ஷாக் அப்படித்தான் இருக்கும், ஆள் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று பதில். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும்தான்; ஆனால் அமுங்காத நிலையில் ஷாக்கின் நீளம் மாறிவிடாது. பின்பக்கம் உயர்ந்தால் சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் சக்கரம் தரையைத் தொடும்; சைடு ஸ்டாண்டில் வண்டி இன்னும் சாயும்; செயின் தளர்வை மறுபடி பார்க்க வேண்டும்; ஹாண்டில் திரும்பும் தன்மைகூட மாறும்.

நீளத்தைவிட மோசமானது புஷ், அதாவது கண்ணுக்குள் இருக்கும் உறை. மேல் கண்ணின் புஷ் துளை, அதை மாட்டும் வண்டியின் ஸ்டட்டைவிட (மரையுள்ள தண்டு) 2 மி.மீ. அகலம். அந்த இடைவெளியை அடைக்கப் பெட்டிக்குள் சுருட்டிய தகரத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். விரித்துப் பார்த்தேன். உட்புறத்தில் பச்சை நிறத்தில் பாதி எழுத்துகள், ஏதோ எண்ணெய் டின்னை வெட்டியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தத் தகரம் நசுங்கும், கண் ஸ்டட்டில் மோதும், நட் தளரும். ஓடும் வண்டியில் ஒரு பக்க ஷாக் கழன்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகுதான் டப்பாவைத் திருகிப் பார்த்தேன். உண்மையான கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் எண்ணெய் நுரைக்காமல் காக்கும். அதனால்தான் டப்பாவுக்கும் ஷாக்குக்கும் வழி இருந்தாக வேண்டும். இது கோயில் திருவிழாவில் விற்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி ரகம்.

மாலையே திரும்பப் போனேன். இப்போது தமிழ் இல்லை, ஊர் இல்லை. "ஸ்பானர் தழும்பு விழுந்துவிட்டது, எடுக்க முடியாது. மெக்கானிக் மாட்டியிருந்தால் வாரண்டி உண்டு" என்றார். தரையில் வைத்து அளந்தால் தெரியும் 20 மி.மீட்டரை எந்த மெக்கானிக் குறைப்பார்? பில்லைக் காட்டு என்றார்கள். அவர்கள் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, கடைப் பெயரும் இல்லை. யு.பி.ஐ. பணம் போனதும் ஒரு தனியாள் கணக்குக்கு.

இந்த எஸ்டிமேட் சீட்டுத் தந்திரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை விற்றுவிட்டுப் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்குதான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் எழுதி வைத்தால் சட்டம் அடங்கிவிடாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து அசைவு இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை, வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். உங்களுக்கும் இதே தங்க டப்பா விற்கப்பட்டிருந்தால் கோபத்தில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். பெட்டி, தகரத் துண்டு, சீட்டு, யு.பி.ஐ. பதிவு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

வண்டியில் இப்போது பழைய ஷாக்கே திரும்ப ஏறியிருக்கிறது, புதிய புஷ்களோடு. அவற்றையும் ஜே.சி. ரோட்டில்தான் வாங்கினேன், வேறொரு கடையில். அளவுகோல் வைத்து அளந்து காட்டி, கேட்காமலே ஜி.எஸ்.டி. பில் போட்டார் அந்த அம்மா.