குவாதலூப்பில் ஒரே குழம்பு, மூன்று கடை

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘கிரியோல் சமையல்’, அதாவது இந்தத் தீவுகளின் கலப்புச் சமையல், என்று ஒரு பலகை தொங்கும். பலகையை நம்பினால் பாதி நாள் ஏமாற்றம்தான். அதனால் போகிற கடையிலெல்லாம் ஒரே பதார்த்தத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். அது கொலோம்போ.

ஏன் அது என்றால், அது நம் அடுப்பிலிருந்து போனது. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் அதில் ஏராளம். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு, சில வீடுகளில் வறுத்த அரிசி. இவற்றை அரைத்த பொடிக்கும் கொலோம்போ என்றுதான் பெயர், அதைப் போட்டுச் செய்யும் கறிக்கும் அதே பெயர். கொழும்பு நகரத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது என்பார்கள் சிலர். ‘குழம்பு’ திரிந்து அப்படி ஆனது என்பார்கள் சிலர். சாப்பிட்ட பிறகு நான் குழம்புக் கட்சி.

முதல் தட்டு, படகுத்துறை ஓரத்தில் வெள்ளை விரிப்பு போட்ட உணவகம். ராத்திரி ஏழு மணிக்குத் திறக்கிறார்கள், மெனு இரண்டு மொழியில். கோழிக் கொலோம்போ இருபத்து நான்கு யூரோ. எலும்பில்லாத நெஞ்சுக்கறி, மேலே தேங்காய்ப்பால் ஊற்றி வழவழவென்று மஞ்சள் சாறு, கிண்ணம் வைத்துக் கவிழ்த்த சோறு, அதன் தலையில் ஒரு இலை. காரம் அறவே இல்லை. கெட்ட சாப்பாடு என்று சொல்ல மாட்டேன், காற்றும் கடலும் சேர்ந்து சாப்பிட வைத்துவிடும். ஆனால் பொடியை எண்ணெயில் வதக்கவே இல்லை, பச்சை மஞ்சள் வாடை நாக்கிலேயே நின்றது. கூடவே கொடுத்த ஆக்ரா, அதாவது உப்புமீன் போட்ட சின்னப் போண்டா, அது மட்டும் சூடாகவும் மொறுமொறுப்பாகவும் இருந்தது. இந்த மாதிரி இடத்துக்குப் போனால் ஆக்ராவோடு எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, கப்பெஸ்தெர் பக்கம் சாலையோரத்தில் ஒரு மதியக் கடை. சாங்கி என்ற இடத்தில் கோபுரம் வைத்த கோயில் இருக்கும் ஊர்தான் அது. கடைக்குப் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லை. கரும்பலகையில் சாக்கட்டியால் இரண்டே வரி: கப்ரி கொலோம்போ, மீன் கூர்புய்யோன். கப்ரி என்றால் ஆடு, கூர்புய்யோன் என்றால் தக்காளிச் சாற்றில் வேகவைத்த மீன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேலைக்கு நடுவே வந்த ஆட்கள், பாதிப் பேர் சீருடையில். நான் நேராகப் போய் “கப்ரி இருக்கா?” என்று விரலைக் காட்டினேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்து, நிதானமாக, “போன்ஜூர்” என்றார். நானும் போன்ஜூர் சொன்ன பிறகுதான் கரண்டி அசைந்தது. உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்பது இந்த ஊரில் மரியாதைக் குறைவு, இதை எந்தக் கடைக்கும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் சோறு, அதன் மேல் செம்பீன்ஸ் சாறு, பக்கத்தில் எலும்போடு ஆட்டுக்கறி, துருவிய வெள்ளரிக்காய். “பிமான்?” என்று கேட்டு, தலையாட்டியதும் மூடியின் ஓரத்தில் மிளகாய் விழுது ஒரு நகக்கண் அளவு தடவினார். அந்த அளவே போதும், காது சூடாகிவிட்டது. கறியில் பூசணி கரைந்து கெட்டியாகியிருந்தது. நடுவில் ஒரு புளிப்பு, தேடிப் பார்த்தால் மாங்காய்த் துண்டு. பொடி நன்றாக எண்ணெயில் சிவந்த வாசனை. காரைக்கால் பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வைத்த கறி என்று சொல்லிக் கொடுத்தால் நான் நம்பியிருப்பேன், தைம் என்ற மூலிகை இலை ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது. விலை பன்னிரண்டு யூரோ. உட்கார நாற்காலி கிடையாது, கார் பானெட்டில் வைத்துச் சாப்பிட்டேன்.

மூன்றாவது, விருந்தினர் மேசை. வீட்டிலேயே சமைத்துப் போடுவார்கள், முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். கறி மதியக் கடைக்கு இணைதான், பேச்சும் கிடைத்தது. ஆனால் முப்பது யூரோவும் மூன்று மணி நேரமும் போய்விடும். முதலில் தி-பன்ச் வரும். வெள்ளை ரம், எலுமிச்சை, கரும்புச் சர்க்கரை மூன்றையும் தனித்தனியாக வைத்துவிட்டு அவரவரே கலந்துகொள்ளச் சொல்வார்கள். “அவரவர் சாவை அவரவரே தயாரிக்கட்டும்” என்பது அங்கத்திய வேடிக்கைப் பேச்சு. ஐம்பது சதவீத ரம் என்றால் வேடிக்கையிலும் நியாயம் இருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

ராத்திரி பசித்தால் படகுத்துறைக்குப் போவதைவிட பொக்கித் வண்டி மேல். நம் பட்டூராவைத் தடியாகச் சுட்டு, குறுக்கே பிளந்து, உப்புமீனோ கோழியோ அடைத்த மாதிரி. கொலோம்போ அங்கே கிடைக்காது, அதனால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

‘உள்ளூர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். ஆக்ராவின் உப்புமீன் வட அட்லாண்டிக் சரக்கு, அடிமை வியாபாரக் காலத்திலிருந்தே கப்பலில் வருவது. மெனுவில் பெருமையாக எழுதியிருக்கும் ஆற்று இறால் உள்ளூர் ஆற்றிலிருந்து வராமலும் இருக்கலாம். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் போட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து, தீவின் மேற்குப் பாதியான பாஸ்-தேர் பக்கத்து மண்ணிலும் ஆறுகளிலும் தங்கிவிட்டது. அங்கே பல இடங்களில் மீன்பிடிக்கத் தடை. அதனால் இறாலும் கிழங்கும் எங்கிருந்து வந்தவை என்று கேட்பதில் தப்பில்லை. நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் சொல்வார்.

சைவக்காரர்களுக்குப் பாடு கஷ்டம். பீன்ஸிலும் பருப்பிலும்கூட உப்புப் பன்றிக்கறி கிடக்கலாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். பூசணி ஆக்ரா கிடைத்தால் விடாதீர்கள். காய்கறிச் சந்தையில் பாகற்காயைப் பார்த்தால் பெயரைக் கேளுங்கள், ‘பரோக்கா’ என்பார்கள்.

பொடி வாங்குவதிலும் இதே கதைதான். புவான்த்-ஆ-பித்ர் நகரச் சந்தையில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி சுற்றிய சின்னப் பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும், பார்க்க அழகு. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கவிடும் பாட்டியிடம் நிறுத்து வாங்குங்கள். அங்கேயும் முதலில் போன்ஜூர்.

மதியக் கடைக்குப் பன்னிரண்டு அடிக்கும்போதே போய்விடுங்கள். இரண்டாம் முறை ஒன்றேகாலுக்குப் போனேன், ‘கப்ரி’ என்ற வரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.