20 வாட் எல்இடி பட்டி: வெளிச்சம் நல்லது, கட்டுமானம் மோசம்

மின்சார மிச்சத்தில் சந்தேகமே இல்லை. 4 அடி டியூப் லைட்டில் 36 வாட் டியூபும் காப்பர் சோக்கும் சேர்ந்து சுமார் 45 வாட் இழுக்கும்; அதற்குப் பதிலாக மாட்டும் இந்த நீள எல்இடி விளக்கு (batten) 20. சுவிட்சைத் தட்டியதும் சிமிட்டாமல் எரிகிறது. பாதரசமும் கிடையாது.

கவலையெல்லாம் ரிப்பேரில்தான். பழைய டியூப் லைட் பட்டியில் கெட்டுப்போக டியூப், சோக், ஸ்டார்ட்டர் என்று மூன்றே சாமான். இரு முனையும் சிவந்தபடியே நின்று நடுவில் வெளிச்சம் வராவிட்டால் ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். திருகிக் கழற்றி வேறு போட்டால் தீர்ந்தது. முனை கறுத்து விட்டுவிட்டு எரிந்தால் டியூப்பை மாற்ற வேண்டும். ஸ்டூல் ஒன்று போதும்.

எல்இடி பட்டியின் உறையை நெம்பித் திறந்தால் அலுமினியத் தகட்டில் மஞ்சள் சதுரங்களாக எல்இடிகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் தொடர் இணைப்பு என்பதால் ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். செத்ததன் நடுவே ஊசிமுனை அளவு கரும்புள்ளி தெரியும். அதன் இரு முனையையும் ஈயம் வைத்து இணைத்தால் மற்றவை எரியும். ஆனால் டிரைவர் ஐசி (எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிப்) தகட்டிலேயே இருக்கும் மாடல்களில் மிச்ச வோல்டேஜ் அந்த ஐசி தலையில் விழுந்து சூடேறும். ஒன்றை இப்படி இணைத்தால் தாங்கலாம், பலவற்றுக்குத் தாங்காது. அதே வோல்ட், அதே மின்னோட்ட அளவுள்ள எல்இடியைப் பதிப்பதே சரி. மெயின் சப்ளை நேராகத் தகட்டுக்கு வரக்கூடும் என்பதால் உறை மூடாமல் எரியவிட்டுத் தொடவே கூடாது.

எல்இடி பட்டி சீக்கிரம் சாக முக்கியக் காரணம் சூடு. செலவைக் குறைக்கக் கொஞ்சம் எல்இடிகளையே வைத்து, அதிக மின்னோட்டம் கொடுத்து விரட்டுகிறார்கள். டிரைவரிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு (மின்னைத் தேக்கும் சின்ன உருளை) 10 டிகிரி கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் (தேக்கும் அளவு), குறையாத வோல்ட் பார்த்து மாற்றலாம். அட்டையில் போடும் 25,000 மணி நேரம் பொதுவாக வெளிச்சம் 70 சதவீதத்துக்கு மங்கும் வரையிலான கணக்கு. டிரைவர் அதற்கு முன்பே போகலாம்.

வாங்குவதானால் முதுகு அலுமினியமாக, மூடி ஸ்க்ரூவில், டிரைவர் தனியாகக் கழல்வதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பட்டி நன்றாக இருந்தால் அதற்குள் போடும் எல்இடி டியூப்பே மேல். சோக்கோடு ஓடும் வகைக்குக் கூடவே வரும் டம்மி ஸ்டார்ட்டரைத்தான் (ஸ்டார்ட்டர் வடிவிலேயே இருக்கும் இணைப்புத் துண்டு) போட வேண்டும், பழையதை விட்டுவைக்கக் கூடாது. நேரடி சப்ளை வகைக்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி வயரிங்கை மாற்ற வேண்டும். எந்த வகை என்பது டியூப்பின் லேபிளில் இருக்கும்.